பெகிமாய் வந்தாளா?

சாய்ராகுலுக்கு இரண்டு விஷயங்கள் பிறவியிலேயே வாய்த்திருந்தன. ஒன்று, தெருமுனையில் நின்று பேசினால் சந்தைக்கோடி வரை கேட்கும் குரல். இன்னொன்று, அதிகாரி இருமினாலே எழுந்து நிற்கும் பயம். முதலாவதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரான தாஷ்கெச்சூவின் பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தாள். இரண்டாவது இருந்ததால், வராத பேருந்தை ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று பதினெட்டு வருடமும் சொன்னாள். மேலாளர் சொல்லச் சொன்னார், அவள் சொன்னாள். மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்ற சனம் ஓட்டுநரைத் திட்டியது, சாலையைத் திட்டியது, அவளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரல் அப்படி.

பிறகு மினிவேன்கள் வந்தன, பேருந்து போயிற்று, நிலையம் சோபா விற்கும் கடையாயிற்று. சாய்ராகுல் வீட்டுக்கு வந்தாள். கணவன் குபாத் குளிர்காலத்தில் லாரியில் நிலக்கரி விற்பவன், கோடையில் அந்த லாரியின் அடியில் படுத்து அதை ரிப்பேர் செய்பவன். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் பெகிமாய். இரண்டு வயதில் நெஞ்சுச் சளி கட்டி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு சாய்ராகுல் தூக்கத்தில்கூட மகளின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று எங்கள் ஊருக்குக் காற்றை அளக்கும் கருவியும், எண்ணைக் காட்டும் மின்பலகையும் இலவசமாகக் கொடுத்தபோது, நகராட்சித் தலைவர் தோக்தோசுன் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ‘பொதுமக்களுக்கான சுற்றுச்சூழல் தகவல் அலுவலர்.’ பதவியின் பெயர் கதவுப் பலகையில் அடங்காமல் இரண்டு வரியாக மடங்கியது. வேலை ஒன்றும் பெரிதில்லை. தினமும் காலையில் எண்ணைப் பார்த்து, நகராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட வேண்டும். குழுவில் ஐம்பத்தேழு பேர். அதில் நாற்பது பேர் நகராட்சி ஊழியர்கள், சேராவிட்டால் வம்பு என்று சேர்ந்தவர்கள்.

அக்டோபரில் திறப்பு விழா. கலாசார மாளிகைச் சுவரில் பலகை, அதற்குக் கீழே ரொட்டி அளவில் வெள்ளைப் பெட்டி. அதுதான் காற்றை உறிஞ்சி அளக்கும் கருவி. நூறுக்குள் இருந்தால் பச்சை, நூற்றைம்பது தாண்டினால் சிவப்பு, முந்நூறு தாண்டினால் ஊதா. விழா நேரத்தில் எழுபத்து நான்கு, பச்சை. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

இவ்வளவு விலை உயர்ந்த சாமானைக் கண்ணேறு கழிக்காமல் விடலாமா? புது மாடு வந்தாலே அர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்திப் புகை காட்டுகிற ஊர் இது. தலைவரின் மனைவி புருல் வாணலியில் அர்ச்சாவைக் கனல விட்டு, ‘அலஸ், அலஸ்’ என்று சொல்லிக்கொண்டே வெள்ளைப் பெட்டியை மூன்று தரம் சுற்றினாள். பக்தி மிகுந்து போய், பெட்டியின் துளைக்குள் நன்றாக ஒரு ஊது ஊதினாள்.

எழுபத்து நான்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆயிற்று. பலகை ஊதா நிறத்தில் பளீரென்று எரிந்து, மூன்று மொழிகளில் ‘வெளியே வராதீர்கள்’ என்று கட்டளையிட்டது. ஊரில் பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர், பூர்சோக் பணியாரம் இன்னும் பரிமாறவில்லையே என்று நின்றார்கள். விருந்தாளிகள் போட்டோ எடுத்தார்கள். தலைவர் மனைவியைப் பார்த்த பார்வையில் வாணலி தானாகவே அணைந்திருக்கும்.

தோக்தோசுனுக்கு அவமானம்தான். ஆனால் ஆள் கெட்டிக்காரர், பட்ட அவமானத்தைக்கூட வீணாக்க மாட்டார். மறுநாளே சாய்ராகுலைக் கூப்பிட்டார்.

“இனிமே எண்ணு நேரா பலகைக்குப் போகக் கூடாது. முதல்ல உன் கம்ப்யூட்டருக்கு வரும். நீ சரின்னு அழுத்தினாத்தான் பலகையில தெரியணும். கூடுதலா இருந்தா காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். அதுல ‘சடங்குப் புகை’ன்னு எழுதிட்டு, முந்தின நல்ல எண்ணையே விட்டுடு.”

“சடங்கு எதுவும் நடக்கலைன்னா, பைகே?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“ஊர்ல இருபதாயிரம் பேர் இருக்கோம். எவனோ ஒருத்தன் எங்கேயோ அர்ச்சா கொளுத்திக்கிட்டுத்தான் இருப்பான். நீ பார்த்தியா?”

“இல்லை பைகே.”

“பார்க்காம இல்லைன்னு எப்படிச் சொல்வே?”

சாய்ராகுல் தலையாட்டினாள். அந்தத் தலைக்கு ஆட்டத்தான் தெரியும்.

நவம்பரில் அடுப்புகள் மூண்டன. வீட்டுக்கு வீடு கரி. அதற்கு மேல் தலைவரின் சொந்தக் குளியல் விடுதி. வியாழன் முதல் சனி வரை ஊரே வெந்நீருக்கும் நீராவிக்கும் அங்கேதான் போகும். விடுதியின் கொதிகலனுக்குத் தலைவர் கரி வாங்குவதில்லை. தையல் பட்டறைகள் குப்பையில் போடும் துண்டுத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து எரித்தார், சில நாள் பழைய டயரும் சேரும். உள்ளே போனவன் வெளுத்து வந்தான், வெளியே கொடியில் காய்ந்த சட்டையும் விரிப்பும் கறுத்துப் போயின. கறுத்ததைத் துவைத்துவிட்டு, உடம்பு கசகசக்கிறது என்று மறுபடி அதே விடுதிக்குத்தான் போனோம். நம் புத்தியை யாரிடம் சொல்லி அழுவது?

முதல் தடவையாக நானூற்றிருபது வந்த காலையில் சாய்ராகுல் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் என்றாலும், மடிக்கணினி வீட்டிலேயே இருந்தது, எண்ணை ஏழு மணிக்கே ஏற்ற வேண்டும். ‘சடங்குப் புகை’ என்று எழுதினாள். பலகை எண்பத்தெட்டு என்று பச்சையாகப் பல்லிளித்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சலாம், தாஷ்கெச்சூ மக்களே. இன்று காற்றின் அளவு எண்பத்தெட்டு. நடமாட ஏற்ற நாள்” என்று அந்தத் தேன் குரலில் பதிவு செய்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு நேரே வாசலுக்குப் போய், பாலர் பள்ளிக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்த மகளின் காலிலிருந்து அதைக் கழற்றினாள்.

“இன்னிக்கு நீ போக வேண்டாம். உனக்கு வயிறு வலிக்குது.”

“வலிக்கலையே அம்மா.”

“வலிக்கும்.”

பள்ளியின் தொண்ணூறு பிள்ளைகளுக்கு எண்பத்தெட்டு, தன் பிள்ளைக்கு மட்டும் நானூற்றிருபது! இதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தால் அச்சில் வராது.

பாலர் பள்ளியின் தலைமை ஆசிரியை ஜிபார். வாயைத் திறந்தால் ஊசி, மூடினால் இன்னும் கூர்மை. பிள்ளைகளைத் தினமும் பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் முற்றத்தில் விளையாட விட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. விடாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பலகை சிவப்பு காட்டினால் மட்டும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பலகையோ பச்சையைத் தவிர வேறு நிறம் அறியாது. ஜிபார் பிள்ளைகளை வெளியே விட்டாள், பிள்ளைகள் சாயங்காலம் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஜிபாருக்குப் பொறி தட்டியது. பிள்ளைகள் அதிகம் இருமிய நாட்களை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். நான்கு நாள். நான்கிலும் பெகிமாய் வரவில்லை. அடுத்த தடவை ‘வயிற்று வலி’ என்று செய்தி வந்ததும், கையில் தயிர்க்கட்டியும் முகத்தில் கவலையுமாக நலம் விசாரிக்கக் கிளம்பி வந்தாள். பெகிமாய் அடுப்படியில் சம்மணமிட்டு மாந்திக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தாள்.

“வயித்து வலின்னீங்களே, எஜே?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் ஜிபார்.

“இப்பத்தான் கொஞ்சம் தேவலை...”

“அது எத்தனாவது மாந்தி, கண்ணு?” என்று ஜிபார் குழந்தையைக் கேட்டாள்.

“ஏழு” என்றாள் பெகிமாய் பெருமையாக.

சாய்ராகுல் அடுப்பைத் தேவையில்லாமல் கிளறினாள். ஜிபார் ஜன்னல் வழியே புகையைப் பார்த்தாள், மூடிக் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தாள், கடைசியில் சாய்ராகுலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “இனிமே பாப்பாவுக்கு வயிறு வலிக்கிறதா இருந்தா ஏழரைக்குள்ள சொல்லிடுங்க எஜே. சமையலுக்கு ஆள் கணக்கு வேணும், பாருங்க.”

“சொல்லிடுறேன்” என்றாள் சாய்ராகுல்.

அன்று முதல், பெகிமாய் வராத நாளெல்லாம் பாலர் பள்ளியில் வசந்த விழா நடன ஒத்திகை. கதவை அடைத்து, ஜன்னலிடுக்கில் ஈரத்துணி செருகி, ஒரு மணி நேரம் ஒத்திகை. வசந்தத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த வருடம் அந்த நடனத்தைத் தூக்கத்திலும் ஆடினார்கள்.

தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. பெயர்: ‘பெகிமாய் வந்தாளா?’. காலை ஏழரைக்கு அந்தக் கேள்வி, ஏழு முப்பத்தைந்துக்குப் பள்ளியிலிருந்து பதில். ‘வந்தாச்சு’ அல்லது ‘வரலை.’ அவ்வளவுதான். படம் இல்லை, நிறம் இல்லை, மூன்று மொழி இல்லை. பதினொரு பேரில் தொடங்கி ஜனவரிக்குள் முந்நூற்று நாற்பது பேர் ஆனார்கள். பிள்ளையே இல்லாதவர்கள் சேர்ந்தார்கள். துணி காயப்போடுகிறவர்கள், கல்யாண போட்டோ எடுப்பவன், நெஞ்சு நோவுக்காரர்கள். பெகிமாய்க்கு ஒரு தரம் நிஜமாகவே காதுவலி வந்து வீட்டில் இருந்தபோது, வானம் நீலமாகப் பளபளக்க, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாய்ராகுலுக்கு விஷயம் தெரியும். தெரிந்து உள்ளூரக் குளிர்ந்தும் போனாள். பாருங்களேன், பொய்யும் சொல்லியாயிற்று, உண்மையும் போய்ச் சேர்ந்தது, வேலையும் பத்திரம்! தைரியமே செலவழிக்காமல் நல்லவளாகிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. குபாத் மட்டும் சாப்பிடும்போது இடித்தான்: “ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? புருஷன் புகையை விக்கிறான், பொண்டாட்டி அதை ஒளிக்கிறாள், பொண்ணு காட்டிக் கொடுக்கிறாளாம்.”

“பேசுறவங்க பேசட்டும், பெகிமாய் அப்பா. நீ சூப்பைக் குடி.”

தலைவருக்கு விஷயம் வேறெங்கிருந்தும் வரவில்லை, சொந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. அவருக்கும் நான்கு வயதில் ஒரு மகன், அதே பாலர் பள்ளி. ஒரு காலை அவன் இன்னும் இரவு உடையிலேயே திரிவதைப் பார்த்து, ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார். புருல் தேநீர் ஊற்றிக்கொண்டே, வாய் தவறி, “பெகிமாய் வரலைங்க” என்றாள்.

“யாருடி அது பெகிமாய்?”

போனைப் பிடுங்கிப் பார்த்தார். முந்நூற்று நாற்பது பேர். அதில் தன் மனைவி, தன் மைத்துனி, தன் குளியல் விடுதியின் கொதிகலன்காரன்கூட!

ஒன்பது மணிக்கு சாய்ராகுல் அவர் முன்னால் நின்றாள்.

“நாளையிலேருந்து உன் பொண்ணு தினமும் பள்ளிக்கூடம் போகணும். ஒரு நாள் விடாம.”

“பைகே, அவளுக்கு நெஞ்சு...”

“பள்ளிக்கூடத்துல வயிறுன்னுல்ல சொன்னே?”

சாய்ராகுல் அதற்கும் தலையாட்டினாள்.

“அரசாங்க ஊழியரோட பிள்ளை லீவு போட்டா ஊர்ல பீதி பரவுது. வர்ற வியாழக்கிழமை வெளிநாட்டுக்காரங்க திட்டம் எப்படி நடக்குதுன்னு பார்க்க வர்றாங்க. பலகைக்குக் கீழே பிள்ளைங்க பலூனோட விளையாடணும். முதல் வரிசையில உன் பொண்ணு. அவ இல்லைன்னா, வெள்ளிக்கிழமை நீயும் இங்கே இல்லை. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

முதல் இரண்டு நாள் காற்று அடித்துப் புகை கலைந்ததால் அவள் தப்பித்தாள். வியாழக்கிழமை காற்று அடிக்கவில்லை. புகை கூரைகளுக்கு மேலேயே படுத்துக் கிடந்தது. குளியல் விடுதியின் புகைபோக்கி விடியுமுன்பே கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. திரையில் அறுநூற்றுப் பன்னிரண்டு. சாய்ராகுல் ‘சடங்குப் புகை’ என்று எழுதினாள், பதிவை அனுப்பினாள், மகளுக்குக் கம்பளிச் சால்வையை மூக்குவரை சுற்றினாள்.

குபாத் வாசலில் குறுக்கே நின்றான். விரல் இடுக்கில் கரி.

“கூட்டிட்டுப் போகாத.”

“வழி விடு. சால்வை சுத்தியிருக்கேன்.”

“நேத்து இந்தத் தெரு முழுக்க நான்தான் கரி போட்டேன். பாதி மண்ணு, பாதி ஈரம். என் கரி எப்படி எரியும்னு எனக்குத் தெரியும்டி. மூணு வீடு தள்ளி இருக்கிற வேலி தெரியலை, பாரு.”

“வேலை போனா கோடையில எதைத் தின்போம்? உன் மண்ணையா?”

குபாத் நகர்ந்துகொண்டான். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பத்து அடி போவதற்குள் ஒரு ஜன்னல் திரை விலகிற்று. இருபது அடியில் இன்னொன்று. அவள் பையிலிருந்த போன் துடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தாள். யாரோ அவளை என்றைக்கோ அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். ‘கிளம்பிட்டா!’ ‘நானே பார்த்தேன், வர்றா!’ ‘அல்லாவுக்கு நன்றி, நல்ல காத்து.’ பின்னால் ஒரு கதவு திறந்தது. மாவுக்கடைக்காரி தன் இரட்டைப் பிள்ளைகளை வெளியே தள்ளினாள். எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையோடு புறப்பட்டாள். வளைவு திரும்பும்போது சாய்ராகுல் திரும்பிப் பார்த்தாள். புகைக்குள்ளிருந்து தாய்மார்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இருபது, முப்பது பேர், அவள் காலடியை நம்பி. ஒருத்தி கையசைத்துச் சிரித்தாள்.

பெகிமாய் இருமினாள். நின்று, குனிந்து, மறுபடி இருமினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

“அம்மா, இன்னிக்கு எனக்கு வயிறு வலிக்கலையா?”

சாய்ராகுலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம், வெறும் வெட்கம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நடந்தாள், ஏனென்றால் கால்களுக்குப் பழக்கம் அதுதான்.

பாலர் பள்ளி வாசலில் ஜிபார் நின்றாள். ஜன்னலிடுக்கில் செருகும் துணியெல்லாம் மடித்து வைத்தாயிற்று. பக்கத்திலே கலாசார மாளிகை, பச்சைப் பலகை, எண்பத்தெட்டு. அதற்குக் கீழே தலைவர், நான்கு வெளிநாட்டவர், ஒரு மொழிபெயர்ப்பாளர், நூறு பலூன்.

“நல்லாருக்கா எஜே, இன்னிக்கு?” என்று ஜிபார் கேட்டாள். ஊசி இல்லாத குரல். நிஜமாகவே நம்பிக் கேட்டாள்.

அந்த நம்பிக்கைதான் சாய்ராகுலைக் கொன்றது. ஜிபார் திட்டியிருந்தால் அவள் மென்று விழுங்கிக்கொண்டு மகளை உள்ளே விட்டிருப்பாள் என்று நான் சத்தியம் செய்கிறேன்.

சாய்ராகுல் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாய்மார்கள் பக்கம் திரும்பினாள். ஒலிபெருக்கி கிடையாது, தேவையும் இல்லை.

“அறுநூத்திப் பன்னிரண்டு! காத்து அறுநூத்திப் பன்னிரண்டு! சடங்கும் இல்லை, அர்ச்சாவும் இல்லை. எல்லாம் நம்ம கரியும் தலைவரோட துணி மூட்டையும்தான். நவம்பர்லேருந்து நான் சொன்னதெல்லாம் பொய். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க!”

சந்தையில் தராசுகள் நின்றன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “உங்களை வரவேற்கிறாங்க” என்றார். நால்வரும் மனமுவந்து கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிவதற்குள் முற்றம் காலி. தாய்மார்கள் வந்த வழியே பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். புருல் தன் மகனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். பலூன்களை ஊழியர்கள் நாற்பது பேரும் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாய்ராகுல் ‘உடல்நலம் கருதித் தானாகவே’ வேலையை விட்டதாகக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பயம் அவளை விட்டுப் போய்விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதாள். குபாத் பக்கத்தில் உட்கார்ந்து, கோடையில் லாரியையே விற்றுவிடலாம் என்றான். யார் வாங்குவார்கள் என்று அவள் அழுகையிலேயே கேட்டாள்.

திங்கட்கிழமை நகராட்சிக் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. பொதுமக்களுக்கான சுற்றுச்சூழல் தகவல் அலுவலர் தேவை. கணினி இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். குரல் இனிமையாக இருக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.